கால் மில்லிமீட்டருக்குள் ஒரு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்கால காபியோடு நிதானமாகப் படியுங்கள்.

சில கைபேசிகளைக் காதருகே வைத்து லேசாகக் குலுக்கினால் உள்ளே ஏதோ ஆடுவது போலச் சத்தம் கேட்கும். பழுது என்று பயந்து கடைக்கு ஓட வேண்டாம். கேமராவின் லென்சு இறுக்கிப் பொருத்தப்படாமல் அசையும்படி வைக்கப்பட்டிருப்பதால் வரும் சத்தம் அது. அந்த லென்சு அசையத் தொடங்கிய கதையையும், அதில் நம் பக்கத்து ஊர்களுக்கு உள்ள இடத்தையும் இன்று எழுதுகிறேன்.

முதலில் பத்தாம் வகுப்புக் கணக்கு. கைபேசி லென்சின் குவியத் தொலைவு 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பல்லாவரம் மலையைப் படமெடுத்தால் பிம்பம் லென்சுக்குப் பின்னால் 4 மி.மீ. தூரத்தில் விழும். 10 செ.மீ. தூரத்தில் இருக்கும் மருந்துச் சீட்டைப் படமெடுத்தால் 4.17 மி.மீ. தூரத்தில் விழும். லென்சு சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். ஆக, லென்சு நகர வேண்டியது வெறும் 0.17 மி.மீ. தான். ஆனால் சாயாமல், ஆடாமல், சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

1999-ல் ஜப்பானின் கியோசெரா நிறுவனம் விபி-210 என்ற கேமரா கைபேசியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஷார்ப் வந்தது. இரண்டிலும் சுமார் 1,10,000 புள்ளிகள்தான். படம் சிறியது, அதனால் லென்சு அசையாவிட்டாலும் குறை தெரியவில்லை. புள்ளிகள் லட்சக்கணக்கில் பெருகியபோதுதான் பக்கத்தில் உள்ள எழுத்துகள் கலங்கித் தெரிவது உறுத்தியது. 2005-ல் நோக்கியா என்90, 2007-ல் என்95 என்று தானே குவியம் தேடும் கைபேசிகள் வந்தன. 2007-ல் வந்த முதல் ஐஃபோனில்கூட அந்த வசதி கிடையாது. 2009-ல் வந்த 3ஜிஎஸ் மாடலில்தான் சேர்த்தார்கள்.

பெரிய கேமராவில் மோட்டாரும் பல்சக்கரமும் வைக்க இடம் உண்டு. கைபேசியில் அதற்கெல்லாம் ஏது இடம்? பொறியாளர்கள் பழைய ஸ்பீக்கரின் தத்துவத்தைக் கையில் எடுத்தார்கள். லென்சைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள், பக்கங்களில் நிலைக்காந்தங்கள், மேலும் கீழும் காகிதம் போன்ற தட்டை ஸ்பிரிங்குகள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் லென்சு முன்னே நகரும். ஸ்பிரிங்கின் இழுவிசை சமமாகும் இடத்தில் நிற்கும். எல்லாம் ஃபிளெமிங்கின் இடக்கை விதிதான். விரல்களை நீட்டிக் காட்டச் சொன்னால் பாதி வகுப்பு வலக்கையை நீட்டும், நினைவிருக்கிறதா? அதே விதி!

2012-ல் நோக்கியா லூமியா 920, கை நடுக்கத்தை ஈடுகட்டும்படி லென்சுத் தொகுதியையே ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டது. 2019-ல் ஹுவாவே பி30 ப்ரோ, ஒளியைப் பட்டகத்தால் 90 பாகை திருப்பி, நீளமான லென்சு வரிசையைக் கைபேசிக்குள் படுக்க வைத்தது. நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் மாதிரி.

இனி நம் ஊர்க் கதை. 1984-ல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது. நாம் மெப்ஸ் என்போமே, அதுதான். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. முடிச்சூர், படப்பை, ஒரகடம் வழியே எத்தனை கம்பெனி பஸ்கள்! 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை மூடப்பட்டது. 2019-ல் அதே ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஐஃபோன் எக்ஸ்ஆர் தயாரிக்கத் தொடங்கியது. 2022-ல் செங்கல்பட்டுக்கு முன்னால் மகிந்திரா சிட்டியில் பெகாட்ரான் வந்தது. 2025 ஜனவரியில் அதன் 60 சதவீதப் பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கியது.

இத்தனை ஆண்டுகளில் நம் பிள்ளைகள் கோடிக்கணக்கான கைபேசிகளைப் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த அசையும் லென்சு மட்டும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து முழு மாட்யூலாகவே வந்து இறங்குகிறது. லென்சுக்கு தைவானின் லார்கன், சுருள் மோட்டாருக்கு ஜப்பானின் ஆல்ப்ஸ், மித்சுமி என்று பல ஆண்டுகளாக வேரூன்றிய நிறுவனங்கள் இருக்கின்றன. பொருத்துவதற்குக் கிடைப்பது கூலி. வடிவமைப்பவருக்கோ ஒவ்வொரு கைபேசியிலும் பங்கு உண்டு. ஆலை இடம் மாறினாலும் அந்த அறிவு அவரை விட்டுப் போகாது. 2014-ல் நம் பகுதி கற்ற பாடம் இதுதான் என்பது என் எண்ணம்.

2025 மார்ச்சில் மத்திய அரசு 22,919 கோடி ரூபாயில் மின்னணு உதிரிபாகத் திட்டத்தை அறிவித்தது. அக்டோபரில் ஒப்புதல் பெற்ற முதல் ஏழு திட்டங்களில் ஐந்து தமிழ்நாட்டுக்கு. அவற்றில் கேமரா மாட்யூலும் ஒன்று. மகிழ்ச்சிதான். ஆனால் மாட்யூலைப் பொருத்துவது வேறு, வடிவமைப்பது வேறு. சென்சாரை இயக்கிப் படத்தைப் பார்த்துக்கொண்டே லென்சை மைக்ரான் கணக்கில் சரிசெய்து, புற ஊதா ஒளியில் இறுகும் பசையால் ஒட்ட வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் போயிற்று.

அதற்கான படிப்பு நமக்குப் புதிதல்ல. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949-லிருந்தே கருவியியல் சொல்லித் தருகிறார்கள். கைபேசி லென்சுகள் பெரும்பாலும் அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்தான்; அச்சு செய்யும் கலையைக் கற்றுத்தரும் சிப்பெட் 1968-லிருந்து கிண்டியில் இருக்கிறது. இரண்டும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரம்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கம்ப்யூட்டர் சயன்ஸ் ஒன்றையே பேசாமல், கருவியியலையும் அச்சுப் பொறியியலையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். ஆலைகளில் வேலை பார்க்கும் என் மாணவர்கள், கேமரா பிரிவில் இருப்பவர்கள், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். உங்கள் தம்பி தங்கைகள் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்