உறையூர்த் தறிகள்: நிலைத்தலும் நீங்கலும்

ஆண்டுதோறும் பங்குனி ஆயில்யத்தன்று திருவரங்கத்து நம்பெருமாள் காவிரி கடந்து உறையூருக்கு எழுந்தருளி, கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி கண்டருளுகிறார். அந்தச் சேவைக்கு முண்டியடிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு உறையூரின் தறிகள் நினைவுக்கு வருகின்றன?

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வணிகக் குறிப்பு, 'அர்காரு' என்ற உள்நாட்டு ஊரையும் அவ்வூரின் பெயர் தாங்கி ஏற்றுமதியான மெல்லிய துணியையும் சுட்டுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கு நிகழ்த்திய அகழாய்வில் சாயத்தொட்டியும் வெளிப்பட்டது. சோழர் தலைநகரம் என்றே நாம் வகுப்பில் சொல்லித் தருகிறோம். துணி நெய்த ஊர் என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

அத்தொழில் எளிதில் கைவிட்டுப் போய்விடவில்லை. ஆலைத்துணியின் போட்டிக்கு நடுவே கூட்டுறவு இயக்கம் அதற்குத் துணை நின்றது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. சங்கம் நூல் கொடுக்கும். நெசவாளர் நெய்து கொடுத்துக் கூலி பெறுவர். விற்கும் பொறுப்பு சங்கத்தினுடையது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. விசைத்தறியாளர் தொடுத்த வழக்கில் 1993இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. எனினும் 1996இல் அப்பட்டியல் 11 வகைகளாகச் சுருங்கியது.

இத்தனை காப்புகள் இருந்தும் ஆட்கள் நிலைத்தார்களா? 1995-96 கணக்கெடுப்பில் நாடெங்கும் ஏறத்தாழ 65 லட்சம் பேர் இத்தொழிலில் இருந்தனர். 2009-10இல் அது 43 லட்சம். 2019-20இல் 35 லட்சம். இக்கடைசிக் கணக்கின்படி, நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு.

காரணம் இங்கேயே இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். சட்டம் துணியைக் காத்தது. தள்ளுபடி வாங்குவோரின் செலவைக் குறைத்தது. நெய்பவரின் கூலியோ இவ்விரண்டுக்கும் பின்னால் நின்றது. தார் சுற்றுவதும் பாவுக்குக் கஞ்சியிடுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பு. சேலைக்கு ஒரு கூலி என்னும் கணக்கில் அது தனியே தென்படுவதே இல்லை. 1965இல் திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை இயங்கத் தொடங்கியது. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற வாழ்க்கையை இவ்வட்டாரம் அருகிலிருந்து கண்டது. அதைக் கண்ட பிள்ளை தறிக்குழியில் இறங்கத் தயங்கினால் குறை அவனுடையதன்று. குலத்தொழிலை விடாதே என்று அவனுக்கு உபதேசிக்கும் தகுதி, மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு இல்லை.

நாம் செய்யக்கூடியது வேறு. ஆண்டுக்கொரு சேலையைச் சங்கத்தில் வாங்குவது நன்று. அதனினும் நன்று, இந்தச் சேலைக்குக் கூலி எவ்வளவு என்று அங்கே கேட்பது. தள்ளுபடி எத்தனை விழுக்காடு என்று மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் நாம். கூலியைக் கேட்போர் பெருகினால், சங்கமும் அரசும் விடை சொல்லியாக வேண்டும்.

அகழாய்வுக் குழியில் கிடைத்த சாயத்தொட்டி, இங்கே தொழில் இருந்தது என்பதற்குச் சான்று. இன்றைய தறிகளும் அவ்வாறு சான்றாக மட்டுமே எஞ்சக் கூடாது.