சத்திரத்தான் திறந்த கதவு



நல்ல சமாரியன் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அடிபட்டுக் கிடந்தவன், விலகிப்போன ஆசாரியன், லேவியன், மனதுருகிய சமாரியன் ஆகிய நால்வரும் நமக்கு நன்கு பழகியவர்கள். அந்தக் கதையில் ஐந்தாவதாக ஒருவன் உண்டு. அவனைப் பற்றித் தனியே ஒரு பிரசங்கம் கேட்ட நினைவு உங்களில் அநேகருக்கு இராது. அவன் சத்திரம் நடத்தி வந்தவன். இரத்தம் தோய்ந்த ஓர் அந்நியனைத் தன் வாகனத்தின்மேல் ஏற்றிக்கொண்டு, யூதர்கள் வெறுத்த ஒரு சமாரியன் அவன் வாசலில் வந்து நிற்கிறான். இடம் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவன் இந்தச் சத்திரத்தானே. அவன் கதவைத் திறந்தான். மறுநாள் இரண்டு பணத்தைப் பெற்றுக்கொண்டு, மீதியைத் திரும்பி வரும்போது தருவேன் என்ற வாய்ச்சொல்லை நம்பி, நோயாளியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டான்.

அந்த மனிதனை மனதில் வைத்துக்கொண்டு, வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த வரலாற்றை, குறிப்பாக நம் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையையும் அதன் சுற்றுப்புறத்தையும் இந்த வாரம் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

சத்திரம் என்னும் சொல்

நம் தமிழ் வேதாகமத்தில், இயேசு பிறந்தபோது இடமில்லாதிருந்த இடமும் சத்திரம். சமாரியன் நோயாளியைச் சேர்த்த இடமும் சத்திரம். லூக்கா எழுதிய கிரேக்கத்திலோ இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முன்னது 'கத்தாலுமா'. விருந்தினர் தங்கும் அறை என்பது அதன் பொருள். கடைசி இராப்போஜனம் நடந்த அறைக்கும் லூக்கா அதே சொல்லைத்தான் வழங்குகிறார். பின்னது 'பான்தொகெயோன்'. பணம் பெற்று இடம் தரும் விடுதி அது. ஆனால் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'எல்லாரையும் ஏற்றுக்கொள்வது' என்று பொருள்படுகிறது.

தமிழில் சத்திரம் என்றால் அறச்சாலை. அங்கே சோறும் இடமும் இலவசம். ஆகையால் சமாரியன் சத்திரத்தில் காசு கொடுத்தான் என்பது நம் முன்னோரின் காதில் சற்றே விந்தையாக ஒலித்திருக்கக்கூடும். இன்று பழைய சத்திரங்கள் பல மறைந்துவிட்டன. பெயர் மட்டும் நாவில் நிலைத்திருக்கிறது. திருச்சிக்குப் போகும் நாம் சத்திரம் பேருந்து நிலையம் என்று எத்தனை முறை உச்சரித்திருப்போம்!

கொள்ளிடத்தின் இரு கரைகள்

அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. ஆற்றுக்கு அப்பால் தஞ்சைச் சீமை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய அரசில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது ஆற்றைக் கடந்து வடகரைக்கு வந்து, பாளையக்காரர்களின் எல்லைக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் உண்டு. வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில்தான் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பணியாற்றினார். அவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடினார். அங்குள்ள ஆலயம் அடைக்கல மாதாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. காவல், அடைக்கலம் ஆகிய இவ்விரண்டு சொற்களும் ஓடி வந்தவர்களுக்கு வெறும் அலங்காரச் சொற்களாக இருந்திருக்கமாட்டா.

ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து, அதே தஞ்சை மராட்டியர் குலத்தில் வந்த இரண்டாம் சரபோஜி மன்னரைப் பாருங்கள். இவர் சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பிலும் போதனையிலும் வளர்ந்தவர். தம் முன்னோரின் சமயத்திலேயே நிலைத்திருந்தவர். இராமேசுவரத்துக்குச் செல்லும் பெருவழியில் அவருடைய குலத்தார் சத்திரங்களை அமைத்திருந்தனர். 1799இல் நாட்டின் ஆட்சி கும்பினியிடம் போய்விட்டது. இந்த அறங்களுக்குக் குறைவு வந்துவிடக் கூடாதே என்ற கவலையுடன் 1801இல் மன்னர் கும்பினியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

அக்கடிதம் கூறும் செய்திகள் நம் சிந்தைக்குரியவை. சாதி வரிசையில் மேலே நிறுத்தப்பட்டவர் முதல் கீழே தள்ளப்பட்டவர் வரை, வழிப்போக்கர் எவராயினும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவருக்கு அரிசியும் மற்றப் பொருள்களும் தரப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். மழையால் பயணம் தடைப்பட்டால் மழை ஓயும்வரை உணவு உண்டு. நோயுற்றவருக்கு மருந்தும் பத்தியமும், கர்ப்பவதிகளுக்குப் பேறுகாலப் பராமரிப்பும், கைக்குழந்தைகளுக்குப் பாலும் கிடைக்கும். வழியில் அநாதையாய்ப் போன பிள்ளைகள் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டு, கல்வி கற்று, திருமணச் செலவும் பெறுவார்கள். 1802இல் ஒரத்தநாட்டில் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இந்த மரபின் சிகரம்.

நள்ளிரவு மணியை எண்ணிப் பாருங்கள். பசித்தவன் வந்து கதவைத் தட்டட்டும் என்று காத்திராமல், சத்திரமே எழுந்து அவனைத் தேடிய மணி அது.

காசுக்குக் கிடைத்த இடம்

எல்லா இடமும் இலவசமாக இருந்துவிடவில்லை. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1822இல் பாபிங்டன் என்பவர் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார். வாடகை மாட்டின் நிழலில் படுத்ததற்கும் காசு கேட்ட மாட்டுக்காரனின் வழக்கு அதில் வருகிறது. வழக்கைத் தீர்த்தவர் வேறொரு கதையைச் சொல்கிறார். கட்டுச்சோறு வைத்திருந்த வழிப்போக்கன் ஒருவன், பிறன் சமைத்த கறியின் ஆவியில் தன் சோற்றைக் காட்டி உண்டான். சமைத்தவன் வாசனைக்கு விலை கேட்டான். கறிக்கு விலை பணம், வாசனைக்கு விலை பணத்தின் வாசனை என்று தீர்ப்பாயிற்று!

சிரித்துவிட்டு நாம் கடந்து போகிறோம். ஆயினும், வழிப்போக்கனிடம் எதற்கெல்லாம் காசு கேட்கலாம் என்ற கேள்வி அந்நாளிலேயே மக்கள் நடுவில் வழங்கியது என்பதற்கு அந்த நகைச்சுவையே சாட்சி.

சத்திரமும் இல்லாமல், விடுதியும் இல்லாமல், வீடுகளே வழிப்போக்கரைத் தாங்கியதும் உண்டு. 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையரின் இளமைப் பருவத்தின் ஒரு பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் கழிந்தது. தந்தையார் இசையும் கதாகாலட்சேபமும் அறிந்தவர். நிலையான வருவாய் இல்லாதவர். ஊர் ஊராகச் சென்ற அக்குடும்பத்தை ஆங்காங்கே இருந்தவர்கள் இடமும் தானியமும் தந்து தங்கவைத்தார்கள். பையனுக்குத் தமிழும் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்காலத்தில் சங்க நூல்களை அச்சில் ஏற்றிய பேரறிஞர், இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் பிறர் தந்த இடத்தில் தங்கிப் படித்த சிறுவன். அந்நாளில் இடம் கொடுத்தவர்கள், தாங்கள் யாருக்கு இடம் கொடுக்கிறோம் என்பதை அறியமாட்டார்கள். அறியாமல் தேவதூதரை உபசரித்தவர்களைப் பற்றி எபிரெயர் நிருபம் சொல்வதை இங்கே நினைவுகூருங்கள்.

பிரிந்த பந்தி

பிரியமானவர்களே, இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்காமல் பார்ப்போம். எல்லாருக்கும் சோறு என்ற இடங்களிலும் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்துவிடவில்லை. குறிப்பிட்ட சாதியாருக்கென்றே கட்டப்பட்ட சத்திரங்கள் இருந்தன. இரயில் வந்தபோது எல்லாரும் ஒரே வண்டியில் ஏறினார்கள். ஆனால் நிலையத்து உணவுச்சாலையில் பிராமணருக்குத் தனி இடமும் மற்றவருக்குத் தனி இடமும் இருந்தன. பெரியாரும் பிறரும் எழுப்பிய எதிர்ப்பின் பின்னர், 1941இல்தான் தென்னிந்திய இரயில்வே அதைக் கைவிட்டது. நம் திருச்சபைகளிலும் தனி இருக்கையும் தனிக் கல்லறையும் இருந்தனவே. நாம் பிறரைக் குறைகூறத் தகுதி உடையவர்கள் அல்லர்.

விடுதலைக்குப்பின் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி உணவகத்திலும் விடுதியிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்றது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாகச் சென்று, தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று வழிப்போக்கர் தங்கும் இடங்களின் பழைய பெயர்களையெல்லாம் எழுதி, அங்குள்ள பாத்திரங்களைப் புழங்கும் உரிமையையும் காத்தது. பாத்திரத்தைக்கூடச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், கதவு எவ்வளவு இறுகப் பூட்டியிருந்தது என்பதை உணர்ந்துகொள்ளுங்கள்.

முசாபர் என்ற விருந்தாளி

சட்டத்தில் வரும் அந்த முசாபர் என்ற அரபுச் சொல்லுக்குப் பயணி என்பது பொருள். நம் பெரியோர் அரசாங்கப் பயணியர் மாளிகையை முசாபரி பங்களா என்று அழைத்தார்கள். அங்கே பெரும்பாலும் அதிகாரிகளுக்கே இடம். அதே சொல் துருக்கியருடைய நாவில் 'மிசாஃபிர்' ஆகி, விருந்தாளி என்ற பொருளைப் பெற்றுவிட்டது. முன்னறிவிப்பின்றி வாசலில் வந்து நிற்பவனை அவர்கள் 'தான்ரி மிசாஃபிரி', அதாவது கடவுளின் விருந்தாளி, என்பார்கள்.

அந்த நாடு நமக்கு அந்நியமானதன்று. பவுலும் பர்னபாவும் நடந்த பிசீதியா, இக்கோனியா, லீஸ்திரா யாவும் இன்றைய துருக்கியின் உள்நாட்டுப் பகுதிகள். இக்கோனியாதான் இன்றைய கோனியா நகரம். பிற்காலத்தில் செல்ஜூக் மன்னர்கள் அந்தப் பாதைகளில் 'ஹான்' என்னும் கற்கோட்டை போன்ற சத்திரங்களைக் கட்டினார்கள். கோனியாவிலிருந்து அக்சராய் செல்லும் வழியில் 1229இல் எழுந்த சுல்தான் ஹான் இன்றும் நிற்கிறது. கராத்தாய் ஹானின் 13ஆம் நூற்றாண்டு அறச்சாசனம், வருகிறவர் முஸ்லிமாயினும் அல்லராயினும், அடிமையாயினும் சுயாதீனராயினும், ஒரே அளவு உணவு பெறவேண்டும் என்று விதித்தது. இன்று அந்த உள்நாட்டு ஊர்களில் குறைந்த செலவில் தங்க விரும்புவோருக்கு 'ஐலே பன்சியோனு' என்னும் குடும்ப விடுதிகள் உண்டு. ஒரு பகுதியில் குடும்பம் வாழும். மற்ற அறைகள் பயணிகளுக்கு. வந்தவருக்கு முதலில் ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் தேநீர் தருவது அந்நாட்டு வழக்கம். காசு வாங்கும் விடுதியிலும் விருந்தாளி என்ற சொல் சாகவில்லை.

நம் ஊர் விடுதிகள்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பெரம்பலூர் 1995இல் மாவட்டத் தலைநகராயிற்று. அரியலூர் 2007இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், கல்லூரி, மருத்துவமனை என்று வேலையாய் வருகிறவர்கள் பெருகினார்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் எழுந்த சிமெண்ட் ஆலைகளுக்கு வடமாநிலத் தொழிலாளரும் லாரி ஓட்டுநரும் வருகிறார்கள். சாத்தனூரில் கல்லாய்ப் போன மரத்தையும், ஒரு காலத்தில் கடலாயிருந்த அரியலூர் மண்ணின் தொல்லுயிர் எச்சங்களையும் காண மாணவர்கள் வருகிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் ஏலாக்குறிச்சிக்கும் வழிபட வருகிறவர்கள் உண்டு.

இவர்களில் கையில் காசு குறைந்தவர்களுக்கு, பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு லாட்ஜுகளே சத்திரம். கணவன் பதிவேட்டை எழுத, மனைவி கணக்கைப் பார்க்க, மகன் வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற குடும்பத் தொழில் அது. பெயர், முகவரி, வந்த காரியம், அடையாள அட்டையின் நகல், முன்பணம், 24 மணி நேரக் கணக்கு என்று ஒழுங்கு உண்டு. வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தரவேண்டிய கடமையும் உண்டு. இந்த ஒழுங்குகள் வேண்டியவையே. ஆனால் பதிவேட்டில் எழுதாத கேள்விகளும் சில வாசல்களில் நிற்கின்றன. அறை காலியாயிருந்தும், தனியே வந்த பெண்ணுக்கு இடமில்லை. மொழி தெரியாத வடநாட்டுத் தொழிலாளிக்கு இடமில்லை. பெயரைக் கேட்டபின் இடமில்லை. மருத்துவமனையில் இருக்கும் நோயாளிக்குத் துணையாக வந்து, இரவு பத்து மணிக்கு நான்கு படி ஏறி இறங்கியவருக்கு அந்த ஒரு சொல்லின் கனம் தெரியும்.

லாட்ஜ் நடத்துகிறவர்களை மட்டும் நோக்கி இதை எழுதவில்லை. நம்மில் பலர் மாடி வீட்டை வாடகைக்கு விடுகிறோம். வருகிறவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி எது? 'நீங்க என்ன ஆளுங்க?' என்பதாயின், பெத்லகேமில் கதவு அடைத்தவர்களைப் பற்றி ஒவ்வொரு டிசம்பரிலும் நாம் வருந்துவதில் பொருள் இல்லை.

காசு பெற்று இடம் தருவது பாவமன்று. உவமையின் சத்திரத்தானும் காசு பெற்றவனே. ஆண்டவர் அவனைக் கதையிலிருந்து நீக்கிவிடவில்லை. சமாரியனின் இரக்கம் நிறைவேறுவதற்கு அவன் கதவு வேண்டியிருந்தது. வந்தவன் யார், எந்தக் குலம் என்று அவன் கேட்டதாக ஒரு சொல்லும் இல்லை. சமாரியன் திரும்பி வந்து மீதிப் பணத்தைத் தந்தானா என்பதையும் ஆண்டவர் சொல்லவில்லை. அது தெரியாமலேயே அவன் நோயாளியை உள்ளே படுக்க வைத்தான்.

இந்த வாரம் உங்கள் வாசலில் ஒருவர் இடம் கேட்டு நிற்கக்கூடும். ஓர் இரவுக்கோ, ஓர் ஆண்டுக்கோ, ஒரு வேளை உணவுக்கோ. பதில் சொல்லுமுன் அந்தச் சத்திரத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் ஏற்கும் வாசலைக் கர்த்தர் நம் வீடுகளுக்கு அருள்வாராக. ஆமென்.