லாக்கிங் நட்

லாக்கிங் நட் என்பது மின்கிட்டாரின் கழுத்தும் தலைப்பகுதியும் சேருமிடத்தில், தந்திகளை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் எஃகு உறுப்பு. போல்ட்டில் மாட்டும் நட்டு வேறு, இது வேறு. கிட்டாரில் ‘நட்’ என்பது வீணையின் மேருவுக்கு இணையானது. தந்தியின் ஒலிக்கும் நீளம் இங்கிருந்தே தொடங்குகிறது.

தேவையும் தோற்றமும்

தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் இணைந்த ட்ரெமோலோ கம்பியை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். எலும்பு அல்லது பிளாஸ்டிக் நட்டின் பள்ளத்தில் உராய்வு இருப்பதால் தந்தி முழுமையாகத் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும், சுருதி கலையும். அமெரிக்க இசைக்கலைஞர் ஃப்ளாய்ட் ரோஸ் 1970களின் பிற்பகுதியில் தந்தியை நட்டிலேயே இறுக்கிவிடும் வழியைக் கண்டார். 1979-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் இதைப் பயன்படுத்தியதும் 1980களில் ராக், மெட்டல் கலைஞர்களிடையே பரவியது.

அமைப்பு

அடிக்கட்டையின் மேல் மூன்று சிறு அழுத்துதகடுகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு தந்திகளைப் பிடிக்கும். 3 மி.மீ. ஆலன் கீயால் திருகுகளை முடுக்க வேண்டும். திருகின் அழுத்தமே பூட்டு.

இறுக்கிய பின் தலைப்பகுதி முறுக்காணிகளைத் திருப்பிப் பயனில்லை. ஆகவே பிரிட்ஜில் நுண்சுருதித் திருகுகள் தரப்பட்டுள்ளன. வீணையில் பிரடையால் தோராயமாகச் சுருதி சேர்த்து, லங்கரால் நுட்பமாகச் சரிசெய்வது போன்றதே இது.

மாற்றிப் பொருத்துதல்

முதலில் கழுத்தின் அகலத்தை அளக்க வேண்டும். ஃப்ளாய்ட் ரோஸ் வரிசையில் ஆர்2 சுமார் 41.3 மி.மீ., ஆர்3 சுமார் 42.9 மி.மீ. அகலம் கொண்டவை. மிதக்கும் பிரிட்ஜானால், தந்திகளைக் கழற்றுமுன் அதன் அடியில் மரத்துண்டு செருகி நிறுத்த வேண்டும். இல்லையெனில் பின்புற ஸ்பிரிங்குகள் அதை இழுத்துவிடும்.

எலும்பு நட் இருந்த கிட்டாரானால், ஓரத்து வார்னிஷைப் பிளேடால் கீறி, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி அதை எடுக்கலாம். புதியது உட்காரும் மேடையைச் செதுக்குவதே கடினமான வேலை. மேடை மட்டமாக இருக்க வேண்டும். நட்டின் முன்விளிம்பு விரற்பலகையின் முனையை ஒட்டி நிற்க வேண்டும். சற்று விலகினாலும் தந்தியின் நீளம் மாறி, மெட்டுகளில் (ஃப்ரெட்) சுரம் பிசகும். கழுத்து மெலிந்த இடமென்பதால் ஆழமாகச் செதுக்கினால் முறியும் ஆபத்துண்டு.

உயரம் அடுத்த கவனம். தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தினால், முதல் மெட்டுக்கு மேல் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். தாழ்ந்திருந்தால் அடியில் மெல்லிய உலோகத் தகடு வைக்கலாம். உயர்ந்திருந்தால் மேடையின் மரத்தைத்தான் தேய்க்க வேண்டும், கடினமாக்கப்பட்ட எஃகை அல்ல.

நட்டை மேலிருந்து மரத்திருகால் பொருத்துவது ஒரு முறை. கழுத்தின் பின்னாலிருந்து ஊடுருவும் இரு போல்ட்டுகளால் பிணைப்பது மற்றொன்று. பின்னது உறுதியானது, ஆனால் மரத்தில் துளை பெரிதாகும். மரத்திருகின் பழைய துளை தளர்ந்திருந்தால் கடினமரக் குச்சியைப் பசையிட்டு அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடலாம்.

தந்தி நட்டின் சரிவில் படிந்து கிடக்க, தலைப்பகுதியில் ஓர் அழுத்துகம்பி உதவுகிறது. அது சரியாக அழுத்தாவிட்டால், தகட்டை முடுக்கும்போது சுருதி ஏறும். நுண்திருகுகளை நடுநிலையில் வைத்து, புதுத் தந்தியை இழுத்துப் பழக்கி, சுருதி சேர்த்த பிறகே பூட்ட வேண்டும். மிகையாக முடுக்கினால் மரை தேயும். அழுத்துதகட்டில் தந்தித் தடம் விழுந்தால் அதைத் திருப்பிப் போடலாம்.

வரம்பு

நட் தந்தியின் நழுவலைத் தடுக்கும். மரத்தின் அசைவைத் தடுக்காது. கோடை வறட்சியில் மரம் சுருங்கும், மழைக்காலத்தில் ஈரம் ஏறி உப்பும். கழுத்தின் வளைவு மாறினால் பூட்டிய தந்தியும் சுருதி மாறும். சிறு மாற்றத்தை நுண்திருகு சமாளிக்கும். அது எல்லையை எட்டினால் பூட்டைத் தளர்த்தி, முறுக்காணியிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.