அகர்-அகர்

அகர் என்றவுடன் நம்மவர்க்கு அகர்பத்தியின் மணமே நினைவில் எழும். ஆயினும், அகில் மரத்தைச் சுட்டும் அகரு என்னும் வடசொல்லுக்கும், கிருமி சாஸ்திரிகள் கண்ணாடித் தட்டில் வார்த்துவைக்கும் அகருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பின்னது மலாய்ச் சொல். அகர்-அகர் என்று இரட்டித்தே அம்மக்கள் வழங்கிய பெயர், தென்கிழக்காசியக் கடற்பாசிகள் சிலவற்றையும், அவற்றைக் காய்ச்சி ஆறவைத்தால் உறையும் பதார்த்தத்தையும் குறித்தது. ஜப்பானியர் வேறொரு பாசியிலிருந்து எடுத்த சரக்கும் வர்த்தகர் வாயில் அப்பெயரையே பெற்றது. நம் கடைத்தெருவிலோ, புல்லே அல்லாத அது 'சைனா கிராஸ்' ஆயிற்று.

1881-ஆம் ஆண்டில், பெர்லினில் ராபர்ட் கோக்கின் சோதனைச்சாலையில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸே என்ற வைத்தியர், காற்றில் மிதக்கும் கிருமிகளை ஜெலட்டின் பரப்பில் வளர்க்க முயன்றபோது, கோடையின் உஷ்ணத்தில் அது இளகி ஓடுவதையும், இளகாத வேளையில் கிருமிகளிற் சில அதனைக் கரைத்துவிடுவதையும் கண்டு சலிப்புற்றார். அவருடைய மனைவியும், அவர் ஆய்வுக் கட்டுரைகளுக்குச் சித்திரம் வரைந்து உதவியவருமான ஃபானி, நியூயார்க்கில் வளர்ந்த காலத்தில், ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சு அண்டைவீட்டாரிடமிருந்து அகரின் குணத்தை அறிந்து, வெயிற்காலத்திலும் குலையாத இனிப்புகளை அதனால் செய்துவந்தவர். அதையே பரீட்சித்துப் பார்க்கலாமே என்றார். உறைந்த அகர் சுமார் 85 பாகை சென்டிகிரேடை எட்டினாலன்றி உருகாது. ஆகவே நம் உடலின் 37 பாகை உஷ்ணத்தில் கட்டியாகவே நிற்கும், பெரும்பாலான கிருமிகளுக்கும் அது ஆகாரமாகாது. 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் வெளியிட்ட கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஹெஸ்ஸே தம்பதியர் இடம்பெறவில்லை. 1887-இல் தட்டைச் செய்த பெட்ரியின் பெயர் தட்டோடு நிலைத்திருக்க, தட்டிலுள்ளதைத் தந்த மாதின் பெயர் மறைந்தது அநியாயமே.

இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்பர் நம் இலக்கண ஆசிரியர். இம்மலாய்ச் சொல்லோ, சமையலறையில் முழுதாக இருக்க, சோதனைச்சாலையில் ஒரு பாதியை உதிர்த்தும் பொருள் குன்றாமல் வழங்குகிறது.

இரண்டாம் உலகயுத்தத்தில் ஜப்பானியச் சரக்கு நின்றுபோகவே, பல தேசத்தாரும் தத்தம் கடற்கரைகளில் பாசி தேடலாயினர். மண்டபம், இராமேசுவரம் கரைகளில் அகருக்காக எடுக்கப்படும் பாசிகளை நம் மீனவப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி என்றும், கஞ்சிப் பாசி என்றும் தரம்பிரித்து அழைக்கின்றனர்.