பல் எடுக்க 'மயக்க ஊசி' போடுறாங்களா? மரத்துப்போறது வேற, மயங்குறது வேற!

"கடைவாய்ப் பல்லை எடுத்தாகணும், மயக்க ஊசி போட்டுத்தான் எடுப்போம்" என்று பல் டாக்டர் சொன்னதுமே பலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். "மயக்கமா? திரும்ப கண் முழிப்பாரா?" என்று வீட்டில் பெரியவர்கள் பதறுவார்கள். ஒரு மாதம், ரெண்டு மாதம் என்று தள்ளிப்போட்டு, கன்னம் வீங்கி, வாயைத் திறக்கவே முடியாத நிலையில் மறுபடி அதே கிளினிக்குக்குப் போவார்கள். இத்தனைக்கும், சாதாரணமாகப் பல் எடுக்கும்போது யாரும் மயங்குவதே கிடையாது. அந்த இடம் மட்டும் மரத்துப்போகும், அவ்வளவுதான். பேச்சுவழக்கில் ரெண்டுக்கும் 'மயக்க ஊசி' என்று ஒரே பேர் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

வாய் அறுவை சிகிச்சையில் மரத்துப்போகும் ஊசி, லேசான தூக்க நிலை, முழு மயக்கம் என மூன்று வழிகள் உண்டு. யாருக்கு எது சரி?

மரத்துப்போகும் ஊசி என்ன செய்யும்?

பெரும்பாலும் போடப்படுவது லிக்னோகெயின். பல்லில் இருந்து மூளைக்கு வலியைக் கொண்டுபோகும் நரம்பை இது தற்காலிகமாக அடைத்துவிடும். நினைவு, மூச்சு, பேச்சு எல்லாம் அப்படியே இருக்கும். கீழ்த்தாடையில் போட்டால் பாதி உதடும் நாக்கும் கனத்த மாதிரி தோன்றும். பல்லை அசைக்கும்போது அழுத்தமும் இழுப்பும் தெரியும், வலி தெரியாது. 'இழுக்கிறது தெரியுதே, அப்போ ஊசி வேலை செய்யலையோ' என்று பயப்பட வேண்டியதில்லை. குத்துற மாதிரி வலித்தால் உடனே கையைத் தூக்கிச் சொல்லலாம், டாக்டர் இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்.

இந்த மருந்தோடு பெரும்பாலும் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும். ரத்தக் குழாயைச் சுருக்கி, மருந்து அங்கேயே தங்க வைப்பதும் ரத்தக் கசிவைக் குறைப்பதும் அதன் வேலை. ஊசி போட்ட சில நொடியில் நெஞ்சு படபடவென்று அடித்தால் அதற்குக் காரணம் இந்த அட்ரினலினாகவோ, பயமாகவோ இருக்கலாம். பலர் இதைத்தான் 'எனக்கு ஊசி அலர்ஜி' என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உண்மையான லிக்னோகெயின் அலர்ஜி மிக அரிது. ஆனாலும் அன்று என்ன நடந்தது என்பதை அடுத்த முறை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். உடம்பில் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தால் அது வேறு கதை, கண்டிப்பாகச் சொல்லியே ஆக வேண்டும்.

சீழ் பிடித்த பல்லில் ஊசி ஏன் கேட்பதில்லை?

வீக்கம் உச்சத்தில் இருக்கும்போது போய் "இப்பவே புடுங்கிடுங்க" என்று கேட்பவர்கள் அதிகம். தொற்று இருக்கும் சதையில் அமிலத்தன்மை கூடிவிடும். அந்தச் சூழலில் லிக்னோகெயின் நரம்புக்குள் நுழைவது குறையும். அதனால்தான் எத்தனை ஊசி போட்டாலும் வலிக்குது என்ற புகார் வருகிறது. டாக்டர் வீங்கிய இடத்தை விட்டுத் தள்ளி நரம்பின் மேல்பகுதியில் ஊசி போடலாம், முதலில் சீழை வெளியேற்றலாம், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் கொடுத்து அடக்கிவிட்டு வரச் சொல்லலாம். தள்ளிப்போட்டதுக்கான விலை இது.

மருந்தின் அளவுக்கும் எல்லை உண்டு. அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் பெரியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். ஒரு பல்லுக்குப் போடும் 2 மில்லியில் இருப்பது 40 மில்லிகிராம்தான், கவலையே இல்லை. குழந்தைகளுக்குக் கணக்கு இறுகும். கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்று வைத்தால், 15 கிலோ குழந்தைக்கு மொத்தமே 3.3 மில்லி. ஒரே நாளில் நாலைந்து பல்லையும் பார்த்து முடித்துவிடச் சொல்லி அவசரப்படுத்தும் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பயம் அதிகம் என்றால்?

மரத்துப்போகும் ஊசியோடு சேர்த்து, மூக்கில் சின்ன மாஸ்க் வைத்து நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை ஆக்சிஜனோடு கலந்து கொடுப்பது ஒரு வழி. ஆள் தூங்கமாட்டார். பதற்றம் மட்டும் குறையும், டாக்டர் சொல்வதற்குப் பதில் சொல்வார். முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். சளியால் மூக்கு அடைத்திருந்தால் பலன் இருக்காது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்பார்கள்.

வலி தெரியாமல் இருக்க இந்த வாயுவைப் பயன்படுத்திய வரலாறு பல்லில்தான் ஆரம்பிக்கிறது. 1844 டிசம்பரில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரப் பல் மருத்துவர் ஹோரேஸ் வெல்ஸ் இதைத் தானே சுவாசித்து, தன் கடைவாய்ப் பல்லை இன்னொரு டாக்டரை வைத்துப் பிடுங்கச் செய்தார். இரண்டு வருடம் கழித்து பாஸ்டனில் ஈதர் மயக்கத்தை எல்லோர் முன்னாலும் காட்டிய வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவர்தான்.

அடுத்தது, கையில் நரம்பு வழியாக மிடாசோலம் போன்ற மருந்தைச் சிறுகச் சிறுக ஏற்றுவது. ஆள் அரைத் தூக்கத்தில் இருப்பார், கூப்பிட்டால் பதில் வரும். முடிந்த பிறகு நடந்ததில் பாதி ஞாபகத்திலேயே இருக்காது. ரெண்டு பக்கமும் எலும்புக்குள் புதைந்திருக்கும் ஞானப்பற்களை ஒரே நேரத்தில் எடுக்கும்போதும், ஊசியைப் பார்த்தாலே நடுங்குபவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். அரைத் தூக்கத்துக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. ஒரே அளவு மருந்தில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், இன்னொருவருக்கு மூச்சே மந்தமாகும். வாயில் ரத்தமும் தண்ணீரும் இருக்கும் சிகிச்சை இது, மூச்சு போகும் பாதையும் அதே வாய்தான். பல்லைப் பார்க்கிற டாக்டரே மூச்சையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது. மருந்து கொடுத்து, நோயாளியைக் கண்காணிப்பதை மட்டுமே வேலையாக வைத்து ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், மயக்கவியல் டாக்டராக இருந்தால் இன்னும் நல்லது.

கொரோனா காலத்தில் வீடுவீடாக விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர் இங்கும் மாட்டப்படும். ஆனால் கூடுதலாக ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்று சற்று நேரம் கழித்துத்தான் அதில் எண் இறங்கும். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். "உங்க கிளினிக்கில் அது இருக்கா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. பிரிட்டனில் பல் சிகிச்சைக்கான முழு மயக்கத்தை 2002 முதல் மருத்துவமனைகளில் மட்டும்தான் தருகிறார்கள்.

முழு மயக்கம் யாருக்கு?

தாடை எலும்பு முறிவு, தாடையை வெட்டிச் சீரமைப்பது, வாய்ப் புற்றுநோய், பெரிய கட்டிகள். இவற்றோடு, வாய் நிறையச் சொத்தையுள்ள சின்னக் குழந்தைகள், ஒத்துழைக்க முடியாத மாற்றுத்திறனாளிகள். மூச்சுக் குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியாக உள்ளே விடுவார்கள், அப்போதுதான் வாயில் வேலை செய்ய இடம் கிடைக்கும்.

பாக்கு, குட்கா பழக்கம் உள்ளவர்கள் இதில் தனி ரகம். பல வருடம் மென்றதில் கன்னத்துச் சதை இறுகி, மூன்று விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் சுருங்கிவிடும். வாய் திறக்காவிட்டால் மூச்சுக் குழாய் போடுவது பெரிய சவால். சிலருக்கு முழித்திருக்கும்போதே கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பழக்கத்தை வெட்கப்பட்டு மறைத்தால், ஆபத்து ஆபரேஷன் டேபிளில்தான் தெரியவரும்.

சாப்பிட்டுட்டுப் போகணுமா, வெறும் வயிறா?

அதிகம் குழம்புவது இதில்தான். மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால்தான் நாற்காலியிலேயே தலை சுற்றி விழுவார்கள். தூக்க மருந்தோ முழு மயக்கமோ என்றால் நேர் எதிர். இட்லி மாதிரி லேசான உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், பிரியாணி மாதிரி எண்ணெய், கறி உள்ள சாப்பாட்டுக்கு 8 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. "குழந்தை பசியில அழுதுச்சு, ஒரு வாய் பால்தான் கொடுத்தேன்" என்றாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிகிச்சை தள்ளிப்போகும், பரவாயில்லை.

சர்க்கரை நோயாளிகள் பட்டினி கிடக்கும் நாளில் மாத்திரை, இன்சுலின் அளவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை 'ரத்தம் நிக்காது' என்று தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மாரடைப்பு, பக்கவாதம் வர வாய்ப்புண்டு. தூக்கத்தில் சத்தமாகக் குறட்டை விடுபவர், நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும். தூக்க மருந்தில் அவர்களுக்குத்தான் மூச்சு சீக்கிரம் அடைபடும்.

வீட்டுக்குப் போன பிறகு

நரம்பு வழியாகவோ மாத்திரையாகவோ தூக்க மருந்து எடுத்தவர்கள், முழு மயக்கத்தில் இருந்து வந்தவர்கள் துணைக்கு ஆள் இல்லாமல் கிளம்பக் கூடாது. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது எல்லாம் வேண்டாம். வெறும் ஊசி போட்டவர்களுக்கு உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். அதுவரை சூடான காபி, டீ வேண்டாம், வாய் சுட்டாலும் தெரியாது. குழந்தைகள் மரத்த உதட்டை விளையாட்டாக மென்று புண்ணாக்கிக்கொள்வார்கள். மறுநாள் வீங்கிய உதட்டைப் பார்த்து 'ஊசி ஒத்துக்கலை' என்று பெற்றோர் ஓடி வருவது பல் கிளினிக்குகளில் வழக்கமான காட்சி. உணர்வு திரும்பும்வரை குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.