யாருடைய ஏழரை?

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், வளர்ந்ததெல்லாம் டெல்லி. பிறந்த நாள் ஆகஸ்ட் 5. இங்கிலீஷ் பேப்பரில் ‘லியோ’வுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் காபியைத் தொடமாட்டார். லியோ என்றால் சிங்கம். சிங்கம் என்றால் சிம்மம். ஆகவே தமிழ்ப் பத்திரிகை கையில் கிடைத்தாலும் சிம்ம ராசிப் பலனைத்தான் படிப்பார்.

2004-ல் சனி பகவான் மிதுனத்தை விட்டுக் கடகத்துக்கு வந்தார். சிம்ம ராசிக்கு ஏழரைச் சனி ஆரம்பம் என்று எல்லோரும் எழுதினார்கள். மனுஷர் ஆடிப்போய்விட்டார். வேளச்சேரியில் அட்வான்ஸ் கொடுக்க இருந்த ஃபிளாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருநள்ளாறுக்குப் பஸ் பிடித்தார். நள தீர்த்தத்தில் முங்கி எழுந்து, ஈரத் தலையோடு அர்ச்சனைக்கு நின்றபோது குருக்கள் கேட்டார்: “நட்சத்திரம்?”

தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டார்.

“ரோகிணிடா. ரிஷப ராசி. எதுக்குக் கேக்கறே? இப்ப எங்கே இருக்கே?”

பிறக்கும்போது சந்திரன் எந்த ராசியில் இருந்ததோ அது, அதற்கு முந்தையது, பிந்தையது... இந்த மூன்றையும் சனி கடக்கிற காலம்தான் ஏழரை. ரிஷபக்காரருக்கு மேஷம், ரிஷபம், மிதுனம். அதாவது, எந்தப் பெயர்ச்சியில் ஏழரை ஆரம்பிக்கிறது என்று நண்பர் நடுங்கினாரோ, அதே பெயர்ச்சியில் அவருக்கு ஏழரை முடிந்துவிட்டது!

ஜோதிடம் பலிக்குமா, பலிக்காதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. என் கேள்வி சின்னது. லியோவும் சிம்மமும் ஒன்றுதானே? அப்புறம் எப்படிக் கணக்கு தப்பியது?

இந்தக் குழப்பம் டெல்லியில் வளர்ந்தவருக்கு மட்டும் வருவதில்லை. ரோமாபுரிச் சக்ரவர்த்தி விஷயத்திலும் உண்டு. அகஸ்டஸ் சீஸர் இளைஞராக இருந்தபோது அப்போலோனியா என்ற ஊரில் தியோஜினிஸ் என்ற ஜோதிடரிடம் போனார். பிறந்த நேரத்தைச் சொல்லவே தயங்கினார். கூட வந்த நண்பன் அக்ரிப்பாவுக்கு அமோகமாகப் பலன் சொல்லியாகிவிட்டது, தனக்கு மட்டமாக வந்துவிட்டால்? வற்புறுத்திய பிறகு சொன்னார். கேட்டதும் ஜோதிடர் எழுந்து வந்து காலில் விழுந்துவிட்டாராம். பிற்பாடு பதவிக்கு வந்த அகஸ்டஸ் தன் ஜாதகத்தை ஊரறிய வெளியிட்டார். தான் பிறந்த மகர ராசியின் உருவத்தைப் போட்டு வெள்ளிக் காசும் அடித்தார். ஆட்டுத் தலை, மீன் வால். எழுதி வைத்திருப்பவர் சூட்டோனியஸ்.

அதே சூட்டோனியஸ் பிறந்த தேதியையும் சொல்கிறார்: செப்டம்பர் 23 (கி.மு. 63), விடிவதற்குச் சற்று முன். செப்டம்பர் கடைசியில் சூரியன் எப்படி மகரத்தில் இருக்கும்? இருக்காது. அது துலாம் பக்கம். விடிகிற நேரம் என்பதால் லக்னமும் மகரம் இல்லை. கருத்தரித்த மாதத்தைக் குறிக்கிறது என்பது ஒரு கட்சி. பிறந்தபோது சந்திரன் மகரத்தில் இருந்தது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப்படுகிறது. உலகத்தை ஆண்டவர் தன் ராசி என்று காசில் போட்டது சந்திர ராசியை... நம்ம ஊர்ப் பாட்டி சொல்வது போல!

அப்படியானால் சூரியன் எப்போது முன்னால் வந்தது? ரொம்ப சமீபத்தில். லண்டனில் ஆலன் லியோ என்று ஒருவர் (1860-1917). ஊர் ஊராகச் சுற்றிய விற்பனைப் பிரதிநிதி. இயற்பெயர் வேறு, ஆகஸ்டில் பிறந்ததால் லியோவைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஒரு ஷில்லிங் அனுப்பினால் ஜாதகப் பலன் தபாலில் வரும் என்று விளம்பரம் செய்தார். தியோசபிகல் சொசைட்டிக்காரர், இந்தியாவுக்கு வந்து நம் ஜோதிடத்தையும் பார்த்துவிட்டுப் போனவர். அந்த ஊர்ச் சட்டப்படி குறி சொல்வது குற்றம். 1914-ல் கேஸ் போட்டார்கள், தப்பித்தார். 1917-ல் மறுபடியும் கோர்ட். ‘நடக்கப்போவதைச் சொல்லவில்லை, சுபாவத்தை, போக்கைத்தான் சொல்கிறேன்’ என்பது அவர் வாதம். எடுபடவில்லை. 5 பவுண்ட் அபராதம், செலவு தனி. சில வாரங்களில் இறந்துபோனார். ‘சிங்கத்தில் பிறந்தவர்கள் கம்பீரமானவர்கள், விட்டுக்கொடுக்கமாட்டார்கள்’ என்று இங்கிலீஷ் பலன்களில் குணவிசேஷமாகவே வருகிறதே, அந்த வழியை அகலப்படுத்தியவர் இவர்தான். அவருக்கு அந்தக் குணத்தின் இருப்பிடம் சூரியன்.

ஆனாலும் அது பேப்பருக்கு வரவில்லை. வந்தது 1930-ல். ஆகஸ்ட் 21 அன்று இளவரசி மார்கரெட் பிறந்தார். ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ ஆசிரியர் ஜான் கார்டன், குழந்தைக்கு ஜாதகம் போடலாம் என்று நினைத்தார். கைரேகையும் எண் ஜோதிடமும் எழுதிய கீரோவைத்தான் முதலில் கேட்டார்கள். நம் பிளாட்பாரக் கடைகளில் இன்றைக்கும் கிடைப்பாரே, அவரேதான். அவருக்கு நேரமில்லை. உதவியாளர் ஆர்.எச். நெய்லர் எழுதினார். 24-ம் தேதி ஞாயிறு இதழில் வெளிவந்தது, வாசகர்கள் மொய்த்தார்கள். ‘இன்னும் எழுதுங்கள்’ என்றது பத்திரிகை.

அக்டோபர் இரண்டாவது வாரத்தில் பிரிட்டிஷ் விமானம் ஒன்றுக்கு ஆபத்து என்று நெய்லர் எழுதினார். அக்டோபர் 5 அதிகாலை, கராச்சியை நோக்கிக் கிளம்பிய ஆர்-101 என்ற பிரம்மாண்ட ஆகாயக் கப்பல் பிரான்ஸில் போவே என்ற ஊருக்குப் பக்கத்தில் விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் செத்துப்போனார்கள், விமானத்துறை அமைச்சர் உட்பட. நெய்லர் குறித்த வாரம் பிறக்கவே இல்லை. தவிர, அது விமானமும் இல்லை. யார் கவனித்தார்கள்? ஒரே நாளில் நெய்லர் நட்சத்திரமாகிவிட்டார். 1939-ல் போர் வராது என்கிற பக்கம் நின்று அவர் மண்ணைக் கவ்வியது பின்கதை.

இப்போது பத்திரிகைக்கு ஒரு பிரச்னை. வாரா வாரம் லட்சக்கணக்கான பேருக்குப் பலன் வேண்டும். சந்திரன் இரண்டேகால் நாளில் ஒரு ராசியைக் கடந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும், பஞ்சாங்கம் வேண்டும். லக்னமோ இரண்டு மணிக்கு ஒருதரம் மாறும். இங்கிலாந்துக்காரர்களின் பிறப்புச் சான்றிதழில் நேரமே எழுதமாட்டார்கள். இரட்டைக் குழந்தை என்றால்தான் எழுதுவார்கள். எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்தது பிறந்த தேதி ஒன்றுதான். தேதி தெரிந்தால் சூரியன் நிற்கும் ராசி தெரிந்துவிடும். சில வருஷங்களில் பன்னிரண்டு பத்திகள் தயார். பி.காம். படித்தவன் பார்வையில் இது அசல் வியாபார மூளை: ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்ததை, பன்னிரண்டு சைஸில் ரெடிமேட் ஆக்கிவிட்டார்கள். 1968-ல் லிண்டா குட்மேன் எழுதிய ‘சன் சைன்ஸ்’ அதை நம் காலேஜ் ஹாஸ்டல் வரைக்கும் கொண்டுவந்தது.

தமிழ்ப் பத்திரிகைக்கு அந்தக் கஷ்டமே இல்லை. கோயில் அர்ச்சனையிலிருந்து கல்யாணப் பொருத்தம் வரை நட்சத்திரம் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வீடு அது மனப்பாடம். நட்சத்திரமும் பாதமும் தெரிந்தால் சந்திர ராசி கையில்.

அதற்காக நாம் சூரியனை விட்டுவிடவில்லை. காலண்டரில் வைத்துவிட்டோம்! சூரியன் மேஷத்தில் நுழைந்தால் சித்திரை. சிம்மத்தில் நுழைந்தால் ஆவணி. மலையாளத்தில் மாதப் பெயரே மேடம், சிங்ஙம்தான். உங்கள் சூரிய ராசி தெரியவேண்டுமானால் பிறந்த தமிழ் மாதத்தைப் பார்த்தால் போதும்.

இங்கேயும் ஒரு முடிச்சு. ‘லியோ’ ஜூலை 23 வாக்கில் தொடங்குகிறது, ஆவணியோ ஆகஸ்ட் 17 வாக்கில். மேற்கத்தியர்கள் இரவும் பகலும் சமமாகிற மார்ச் நாளை மேஷத்தின் ஆரம்பமாக வைத்துக்கொண்டார்கள். நாம் நிலையான நட்சத்திரங்களை வைத்து அளக்கிறோம். பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தள்ளாடுவதால் இந்த இரண்டும் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி விலகிக்கொண்டே போகின்றன. இன்றைய இடைவெளி சுமார் 24 டிகிரி. பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்பது இதைத்தான்.

இளவரசி மார்கரெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 21, நமக்கு ஆவணி பிறந்துவிட்டது. ஆக, சூரியன் இரண்டு கணக்கிலும் சிம்மம். ஆனால் அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முந்திப் பிறந்த குழந்தை. சந்திரன் சூரியனுக்குப் பின்னால் கடகத்தில் நிற்கிறது. லண்டன் பேப்பருக்கு லியோ, மயிலாப்பூர் மாமிக்குக் கடகம்.

நம் நண்பர்? ஆகஸ்ட் 5 என்றால் ஆடி மாதம். நம் கணக்கில் சூரியன்கூடக் கடகத்தில்தான். எந்தப் பக்கம் கூட்டிக் கழித்தாலும், தமிழ்ப் பத்திரிகையின் சிம்மத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

திருநள்ளாறிலிருந்து திரும்பிய கையோடு வேளச்சேரிக்கு ஓடினார். ஃபிளாட் கைமாறிவிட்டது. வாங்கிய புண்ணியவான் யார் என்று தரகரிடம் விசாரித்தாராம். யாரோ மக நட்சத்திரக்காரர். அசல் சிம்ம ராசி.