பட்டையும் இலையும்

சில வருடங்களுக்கு முன் என் அக்காவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும். துணைக்கு உட்கார்ந்திருந்த நான் பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தேன்: பாக்லிடாக்செல்.

"இது ஏதோ மரத்துல இருந்து எடுக்கிற மருந்தாம்க்கா."

"எந்த மரம்டா?"

அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

அதன் பெயர் யூ. ஊசி போன்ற இலை, மெதுவான வளர்ச்சி. இலையைத் தின்ற மாடு செத்துப்போகும். எபுரோன்கள் என்ற குலத்தின் அரசன் கட்டுவோல்கஸ் யூ நஞ்சால் உயிரை மாய்த்துக்கொண்டான் என்று ஜூலியஸ் சீசரே எழுதியிருக்கிறார்.

1962-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அதிலிருந்த மருந்தை மன்ரோ வால் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை அவரும் மன்சுக் வாணியும் 1971-ல் வெளியிட்டார்கள். வாணி நம் மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் பிறந்தவர்.

சிக்கல் அளவில்தான். ஆரம்ப நாட்களில் 1,200 கிலோ பட்டையிலிருந்து கிடைத்தது வெறும் 10 கிராம். பட்டையை உரித்தால் மரமும் போயிற்று. ஒரு நோயாளிக்குச் சில மரங்கள் என்றால், நோயாளிகள் பெருகும்போது காடு என்ன ஆகும்?

விடை பிரான்சில் கிடைத்தது. கிஃப்-சுர்-இவெட் ஆய்வுக்கூட வளாகத்தில் ரோடு போட யூ மரங்களை வெட்டினார்கள். பியர் பொத்தியே குழுவினர் அவற்றை வீணாக்காமல் பகுதி பகுதியாகச் சோதித்தார்கள். இலையில் மருந்து குறைவு. ஆனால் மருந்தின் பெரும்பகுதியான '10-டீஅசிட்டைல் பாக்கட்டின்' கிலோ பச்சை இலைக்கு ஒரு கிராம் வரை இருந்தது. விட்டுப்போன சிறு துண்டை ஆய்வுக்கூடத்தில் ஒட்டினால் மருந்து தயார். அமெரிக்காவில் ராபர்ட் ஹோல்டன் இதற்குச் சிறந்த வழி கண்டார். 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி கிடைத்தது பட்டை மருந்துக்கு. சில ஆண்டுகளில் இலை வழி அந்த இடத்தைப் பிடித்தது.

இலை என்றதும் பறித்துக் காய்ச்சும் கஷாயம் என்று நினைக்கக் கூடாது. சரக்கின் அளவு மாதத்துக்கு மாதம், மரத்துக்கு மரம் மாறும். இங்கிலாந்தில் கோடை முடியும் நாட்களில் தோட்ட வேலிகளைக் கத்தரிக்கும்போது விழும் அந்த வருடத்து இளந்தளிரைத்தான் சேகரித்துவந்தார்கள். குவித்துப் போட்டால் சூடேறிக் கெடும். உடனே உலர்த்த வேண்டும். ஆல்கஹாலில் ஊறவைத்தால் மருந்துச் சரக்கோடு பச்சையமும் மெழுகும் சேர்ந்து வரும். அவற்றை வேறொரு கரைப்பானால் கழுவி நீக்கி, மிஞ்சியதைப் படிகமாக்கி எடுக்க வேண்டும்.

கத்தரித்த கிளை மறுபடி துளிர்க்கும். எல்லா இடத்திலும் இந்த நிதானம் இருக்கவில்லை. நம் இமயமலை யூ மரங்களைப் பட்டைக்கும் இலைக்குமாக மொட்டையடித்தார்கள். 1995-ல் அந்த இனத்தின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

அக்கா அதன்பின் நான்கு வருடம் இருந்தாள். பேத்தி கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்: மாட்டைக் கொல்லும் மரம்க்கா. அதன் இலைதான் உனக்கு நான்கு வருடம் கொடுத்தது.